கப்பல் சீனி

எங்கள் மச்சான் எதையும் வீணாக்கமாட்டார். அவரைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், அதையும் புகழ்ந்துதான் சொல்வார்கள். மச்சான் என்றால் என் ராத்தாவின், கூடப்பிறந்த அக்காவின் புருஷன். எனக்கு அவரைப் பிடிக்காது. பிறகு யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

வாப்பாவின் கடைக்குச் சாமான் வந்த மரப்பெட்டிகளை உடைத்தால் ஆணிகளைப் பொறுக்கி, வளைந்ததையெல்லாம் கல்லால் தட்டி நிமிர்த்திப் போத்தலில் போட்டு வைப்பார். சவர்க்காரம் தேய்ந்து வெற்றிலைக் கனத்துக்கு வந்தாலும் எறியமாட்டார், புதுக் கட்டியின் முதுகில் ஒட்டிவிடுவார். பொட்டலம் கட்டிய நூலை யாராவது அறுத்துவிட்டால் அவருக்கு முகம் சுண்டிவிடும். பள்ளிவாசலில் தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுளூச் செய்கிறவர்கள் தண்ணீரை அள்ளி இறைத்தால் பக்கத்தில் போய் நின்று, "வீணாப் போகலாமா தம்பி?" என்று கேட்பாராம். வாப்பா வந்து சொல்லிச் சிரிப்பார்.

சத்தம் போட்டுக் கேட்கமாட்டார். அவர் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. ராத்தாவை அடித்ததுமில்லை, ஏசியதுமில்லை. அதனால்தான் அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாமல் போயிற்று எங்களுக்கு. பறக்கத்தான, கைபட்டதெல்லாம் பெருகும் மனுஷன் என்று உம்மா மவுத்தாகி மண்ணுக்குப் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா.

ஊர் அவரை 'லண்டன் சேர்', லண்டன் வாத்தியார், என்று அழைத்தது. நான் ஒருநாளும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. லண்டனுக்குப் போகவேண்டியிருந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

ராத்தா ஐம்பதுகளில் பல்கலைக்கழகத்தில் இங்கிலிஷ் படித்தாள். சாய்ந்தமருதிலிருந்து ஒரு பெண் பிள்ளை மலைநாட்டுக்குப் போய் விடுதியில் தங்கிப் படித்தது அப்போது பெரிய கதை. வாப்பாவுக்குக் கல்முனைப் பசாரில் கடையும் சவளக்கடைப் பக்கம் வயலும் இருந்தன, அதனால் ஊர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாளில் அங்கே படிப்பித்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை, விடுமுறைக்குச் சில மாணவர்களைக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கூட்டிப் போக ஏற்பாடு செய்தா. அங்கே எழுத்தாளர்கள் பிறந்த வீடு, வாழ்ந்த வீடு, பழைய கோட்டைகள், எண்ணூறு வருடம் நிற்கிற கல் தேவாலயங்கள் எல்லாம் காட்டுவார்களாம். அதற்குத் தெரிவானவர்களில் ராத்தாவும் ஒருத்தி.

பக்கத்து வீட்டுச் சாச்சி வந்து மூக்கில் விரல் வைத்தா. "எழுதினவன் செத்துப் போயிட்டான். அவன்ட வீட்டப் பாத்து என்னகா செய்யப் போற?"

"எழுதினதப் படிச்சிட்டன் சாச்சி. எங்க இருந்து எழுதினாங்க எண்டு பாக்கோணும்" என்றாள் ராத்தா.

ஆனால் அவளுடைய உண்மையான பைத்தியம் வீடுகளில் இல்லை, கல்லில். கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வீடு. வருடா வருடம் சுண்ணாம்பு அடித்தாலும் மாரி கழிந்ததும் சுவரில் உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். ராத்தா விடுமுறைக்கு வந்தால் அந்தச் சுவரை விரலால் சுரண்டிக்கொண்டு நிற்பாள். எங்கட சுவர் இருபது வருஷம் நிக்கமாட்டேங்குது, அங்க எண்ணூறு வருஷம் எப்படி நிக்குது என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொல்வாள். அந்தத் தேவாலயங்களின் கூரை முழுக்கக் கல்லாம், தாங்க ஒரு வளைமரம் இல்லையாம். எனக்கு விளங்கவில்லை என்றதும் சாப்பாட்டறையில் என்னை நேர் எதிரே நிற்கவைத்தாள். இருவரும் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றோம்.

"இப்ப நீ கைய எடுத்தா நான் விழுந்திருவன். நான் எடுத்தா நீ விழுந்திருவாய். ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டு நிக்கிறதாலதான் நிக்கிறம். அதான் கூரை" என்றாள். உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டுக்கும் பைத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போனா.

பெண் பிள்ளை மஹ்ரம் இல்லாமல் கடல் தாண்டிப் போகலாமா என்ற கேள்வி வந்தது. மஹ்ரம் என்றால் கூடப் போக உரித்தான ஆண் துணை: வாப்பா, கூடப்பிறந்தவன், புருஷன். வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், தூரம் போக ஏலாது, எங்களுக்குக் காக்கா தம்பி யாரும் இல்லை. மௌலவியிடம் கேட்கப் போன வாப்பா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். நிக்காஹ்வை முடித்து, புருஷனோடு சேர்த்து அனுப்பினால் ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது, ஒரு பெண் கல்விச் சுற்றுலாப் போவதற்காக அவளுக்குக் கலியாணம் முடித்து வைத்திருப்பார்களா? நாங்கள் முடித்துவைத்தோம். அப்போது அது எங்கள் எல்லோருக்கும் நல்ல மூளையாகத்தான் பட்டது, எனக்கும்தான்.

மாப்பிள்ளை தேடியதும் அப்படித்தான். இங்கிலிஷ் தெரிந்தவராக இருக்கவேண்டும், லீவு எடுக்கக் கூடியவராக இருக்கவேண்டும், கப்பலில் போகச் சம்மதிக்க வேண்டும். மருதமுனையில் ஒரு பயிற்றப்பட்ட இங்கிலிஷ் ஆசிரியர் இருந்தார். அமைதியானவர், ஒல்லியானவர், வீண்செலவு என்ற ஒன்று தெரியாதவர். பேராசிரியையும் மனைவிக்குத் துணையாகப் புருஷன் தன் செலவில் வரலாம் என்று சம்மதித்தா. வாப்பா சவளக்கடை வயலில் ஒரு பாதியை விற்று இரண்டு கப்பல் டிக்கட் எடுத்தார்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ராத்தாவுக்கென்று கட்டிய வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். கலியாணச் சாப்பாட்டில், பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருந்து தின்ற மற்றவர்கள் எழும்பிப் போன பிறகும் இவர் இருந்து, அவர்கள் ஒதுக்கிவைத்த சோற்றையெல்லாம் தன் பக்கம் இழுத்துத் தின்று முடித்தாராம். மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று வாப்பா பூரித்துப் போனார்.

கலியாணம் முடிந்து இரண்டாம் மாதம் ராத்தா வாந்தி எடுக்கத் தொடங்கினாள். எங்கள் சாச்சிமார் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பல் போக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

எங்கள் ஊருக்கு டொக்டராக இருந்த ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா வந்து பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். நாலாம் மாதத்தோடு வாந்தி நிற்கும், கப்பலில் டொக்டர் இருப்பார், ஏழாம் மாதத்துக்குள் திரும்பி வந்துவிடலாம், போகலாம் என்றார். நான் பக்கத்தில் நின்று என் இரண்டு காதாலும் கேட்டேன். அன்று பின்னேரம் வாப்பாவும் மச்சானும் முன் மண்டபத்தில் இருந்தார்கள். ராத்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போகலாம் எண்டுதானே மாமா டொக்டரும் சொல்றார்" என்று மச்சான்தான் தொடங்கினார். "நான் வேணாம் எண்டு சொல்ல வரல்ல. ஆனா வயித்தில உள்ளது அல்லாஹ் தந்த அமானிதம். நடுக்கடல்ல ஒண்டு ஆச்செண்டா பதில் சொல்ற யாரு?"

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் போவன்" என்றாள் ராத்தா. "நாலாம் மாசம் கழிஞ்சா எனக்குச் சுகமாகிடும். ஐயா சொன்னவர்தானே. வாப்பா, நான் போவன்."

"புள்ள, கோவிக்காத. ஒன்ட நல்லதுக்குத்தானே கதைக்கிறம்" என்றார் மச்சான். அதே தேன் குரல். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்டுதான் மாமா மனசுக்குக் கஷ்டமாக் கிடக்கு. எத்தின புள்ளைகளுக்குக் கிடைக்காத இடம் இவக்குக் கிடைச்சது. அது வீணாப் போகலாமா?"

வாப்பா நிமிர்ந்து பார்த்தார். இவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். பேராசிரியைக்கு எழுதிக் கேட்டால், மனைவியின் இடத்தில் ஆசிரியரான புருஷனைச் சேர்த்துக்கொள்வார்களாம். அவர் கண்டு வந்து எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஊருக்கும் பிரயோசனமாம். துணையாகப் போகவென்று பிடித்த மனுஷன், போகவேண்டியவளை விட்டுவிட்டுத் தான் போகிறேன் என்கிறார். அமானிதம், அல்லாஹ் காக்கச் சொல்லி ஒப்படைத்தது என்று சொன்ன பிறகு யார் மறுத்துக் கதைப்பது? ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். வாந்திதான் வந்தது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் பின்னால் போனேன். அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அத்தோடு விட்டாரா? பேராசிரியை சரி என்று எழுதிய பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ராத்தாவுக்கு முன்னால் வந்து இருப்பார். "நீ படிச்சது எல்லாம் எனக்கும் சொல்லித் தா புள்ள. ஒன்ட படிப்பு வீணாப் போகலாமா?" அவள் சொல்லிக் கொடுத்தாள்! எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எந்த எழுத்தாளர் எந்த வீட்டில் எந்த ஜன்னலருகே இருந்து எழுதினார், எந்தத் தேவாலயத்தில் வளைவு வட்டம், எதில் கூர், வெளியே நிற்கிற கல் முட்டுகள் எதற்கு என்று, பக்கத்தில் எச்சில் படிக்கத்தை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள்.

"ஏன்கா சொல்லிக் குடுக்கிற? வாய மூடிக்கிட்டு இரன்" என்று நான் சண்டை பிடித்தேன்.

"பாக்கிற ஆள் தெரிஞ்சு பாக்கோணும். தெரியாமப் பாத்தா அது இன்னும் பாவம்" என்றாள்.

அவளுக்கென்று வாப்பா கொழும்பிலிருந்து எடுப்பித்த நீலக் கம்பளித் துணியில் பசார்த் தையற்காரர் ஒரு கோட்டுத் தைத்திருந்தார். அவர் அதற்குமுன் கம்பளிக் கோட்டுத் தைத்ததே இல்லை. உம்மா கொண்டுபோய்க் கொடுத்த அளவுச் சட்டையையும் ஒரு வெள்ளைக்காரியின் படத்தையும் பார்த்துத் தைத்தார். அதையும் மச்சான் எடுத்துக்கொண்டார். அடியை வெட்டி அந்தத் துணியில் கையை நீட்டித் தைப்பித்தார், தோளைப் பிரித்து விரித்தார். ராத்தாவின் டிக்கட்டைத் திருப்பிக் கொடுத்து வந்த காசில் ஒரு கெமரா வாங்கினார். படம் எடுத்து வந்தால் அவளும் பார்க்கலாமே என்றார்.

புறப்படுகிற அன்று, மட்டக்களப்பு ரயிலுக்குப் போகக் கார் வாசலில் நிற்கும்போது, ராத்தா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பெரிய தேவாலயத்துக்குள்ள போனா, தூண ஒருக்காத் தொட்டுப் பாருங்க. ஈரமா, காஞ்சு கிடக்கா, சூடா, குளிரா எண்டு வந்து சொல்லுங்க. அது ஒரு பொஸ்தகத்திலயும் இல்ல."

"ஓம் புள்ள, ஓம்" என்றார் மச்சான். அவளுடைய கோட்டு அவர் கையில் மடித்துக் கிடந்தது.

நாலாம் மாதத்தோடு வாந்தி நின்றது. அவர் போய் ஒரு கிழமைகூட ஆகவில்லை. ராத்தா மடமடவென்று சோறு தின்றாள், கிணற்றில் தண்ணீர் அள்ளினாள், கடற்கரை மணலில் என்னோடு பாலமுனைக்காரரின் தோணிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அவள் சுகமாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க வாப்பா ஒடுங்கிப் போனார். ஏழாம் மாதம் மச்சான் திரும்பி வந்தார். அப்போதிக்கரி சொன்ன கணக்கு பிசகவில்லை.

வந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு துணிப் பையை எடுத்தார். கப்பல் சாப்பாட்டு மேசையில் ஆளுக்கு இவ்வளவு என்று வைக்கிற சீனிக் கட்டிகள். மற்றவர்கள் பாவிக்காமல் விட்டுப் போனதையெல்லாம் போகவரச் சேர்த்திருக்கிறார். "அள்ளிக் கொட்டிருவாங்களாம். வீணாப் போகலாமா எண்டு எடுத்துக்கிட்டு வந்தன்" என்று ராத்தாவின் மடியில் வைத்தார். சீமைக்குப் போன மனுஷன் பெண்டாட்டிக்குக் கொண்டுவந்த சாமான் அதுதான். அயலெல்லாம் வந்து ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போயிற்று. நானும் ஒன்று வாயில் போட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அடுத்த கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் அவருடைய பிரசங்கம். ஊரே திரண்டது. பெண்களுக்கு ஒரு பக்கம் திரை கட்டியிருந்தார்கள். ராத்தா வயிற்றைத் தாங்கிக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். மச்சான் நன்றாகப் பேசினார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வட்ட வளைவு, கூர் வளைவு, கல் முட்டு, ஜன்னலருகே இருந்து எழுதியவர், எல்லாம் வந்தன. பிறகு இரண்டு பொடியன்களை மேடைக்குக் கூப்பிட்டு, எதிரும் புதிருமாக நிறுத்தி, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துச் சாயச் சொன்னார். "இப்ப நீ கையை எடுத்தால் இவர் விழுவார். அதுதான் கூரை. அந்த மண்டபத்தின் நடுவில் நின்றபோது எனக்கு இது தோன்றியது" என்றார். மண்டபம் கை தட்டியது.

நான் திரும்பிப் பார்த்தேன். ராத்தாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் சொல்வதற்கு ஒரு சொல் முந்தி அவள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றிக் கொளுவும்போது அவள் கேட்டாள். "தூணத் தொட்டுப் பாத்தீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எந்தத் தூண்?"

"நான் சொன்னன்தானே."

"அட, அதுவா? கல்லுத்தானே புள்ள, தொட்டுப் பாக்க என்ன கிடக்கு? நாங்க போன நேரம் அங்க தேத்தண்ணி குடுத்தாங்க. கேக் நிறைய மிஞ்சிப் போச்சு, அதப் பாத்துக்கிட்டு நிண்டுட்டன்."

ராத்தா பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, பல வருடம் அவரிடம் எதையும் கேட்கவில்லை.

பெண் பிள்ளை பிறந்தது, நோய் நொடியில்லாமல் கொழுகொழுவென்று. ராத்தா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஒரு வருடப் படிப்புத்தான் மிச்சம் இருந்தது. அந்த மிச்சம் மட்டும் வீணாய்ப் போனதாக அவருக்குப் படவில்லைபோலும். அவர் தலைமை ஆசிரியரானார். கூட்டம் எங்கே நடந்தாலும் லண்டன் சேர் வந்து இரண்டு வார்த்தை பேசவேண்டும். நீலக் கோட்டு கொஞ்சக் காலம் அலுமாரியில் இருந்தது, பிறகு கதிரைக்கு மெத்தை உறையானது, அதுவும் கிழிந்த பிறகு சைக்கிள் துடைக்கிற துணியானது. தேவாலய வாசலில் அந்தக் கோட்டோடு அவர் நிற்கிற படம் மண்டபச் சுவரில் தொங்கியது. நான் தையல் படித்த பிறகுதான் கவனித்தேன், கோட்டில் பொத்தான் பெண்கள் உடுப்புக்குத் தைக்கிற இடப்பக்கம் இருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாது. அங்கே பார்த்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நினைத்து நான் பல தடவை தனியே இருந்து சிரித்திருக்கிறேன், எனக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான்.

வாப்பாவும் உம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். ராத்தாவின் மகள் படித்து, கலியாணம் முடித்து, இங்கிலாந்துக்கே குடிபோனாள். ராத்தாவின் தலை முழுக்க வெளுத்த பிறகு, மகளிடமிருந்து ராத்தாவுக்கும் மச்சானுக்கும் இரண்டு விமான டிக்கட் வந்தது. நான் ஓடிப் போனேன். ராத்தா அடுக்களைப் படியில் இருந்து சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நான் போகல்ல" என்றாள், தலையைத் தூக்காமலே.

"ராத்தா, என்ன கதை கதைக்கிறாய்? ஒன்ட மகள்ற வீட்டுக்குத்தானே? அந்தக் கல்லத் தொட்டுப் பாக்கலாமேகா!" எனக்கு அழுகை வந்துவிட்டது.

மச்சான் டிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். "மகள் காசு கட்டிட்டாள். திருப்பிக் குடுக்க ஏலாதாம். வீணாப் போகுமே" என்றார்.

"போகட்டும்" என்றாள் ராத்தா. மீன் கத்தியைக் கீழே வைத்தாள். "அண்டைக்கு ஒண்டும் வீணாப் போகல்ல. இடம் வீணாப் போகல்ல, கோட்டு வீணாப் போகல்ல, நான் படிச்ச படிப்பும் வீணாப் போகல்ல. நான் மட்டுந்தான் போனன். இது ஒண்டு போகட்டும்."

இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் அவ்வளவு பேசியதில்லை. அவர் முகம் வெளிறிப் போனது. அல்லாஹ்மேல் ஆணையாக, அந்த நேரம் மனுஷனுக்கு விளங்கிவிட்டது என்று நான் நம்பினேன். கொஞ்ச நேரம் டிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி புள்ள, ஒனக்கு ஏலாட்டி வேணாம்" என்றார் மெதுவாக. "அப்ப என்ட டிக்கட்ட மட்டுமெண்டாலும்..."

போனார். இரண்டாவது தடவையும் போனார்.

அவர் திரும்பி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். பையைத் திறந்து, விமானத்தில் கொடுக்கிற சின்னச் சின்னச் சீனிப் பைக்கட்டுகளை மேசையில் கொட்டினார். ராத்தா அவற்றைச் சீலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். ஒவ்வொன்றாய்க் கிழித்து, கடைசிப் பைக்கட்டு வரைக்கும், மணலில் கொட்டினாள். அவர் பின்னால் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் துடித்ததை நான் பார்த்தேன். அவர் கத்தவேண்டும், ஒரு தடவையாவது கத்தவேண்டும் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

அவர் குனிந்து மணலைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகம் தெளிந்து நிமிர்ந்தார்.

"பரவாயில்ல புள்ள" என்றார். "எறும்பு வருகுது. வீணாப் போகல்ல."

ராத்தா கையில் ஒட்டிய சீனியை உதறிவிட்டு உள்ளே போனாள்.